வார்ப்பிரும்புக்கு வேண்டிய அளவு கடினம்: தோட்டத்துப் பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைகளிலிருந்து வருபவை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் ஆலையின் ஃபிட்டர் லோரியிலிருந்து இரண்டு பல்சக்கரங்களை இறக்கி வைத்தார். பழக்குலைகளை மேலே ஏற்றும் சங்கிலியை இழுக்கும் சக்கரங்கள் அவை. ஒன்று புதிதாக வார்த்தது. மற்றது பழையது, பற்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தன.

"அண்ணே, இந்தப் பழைய சக்கரத்தின் பற்களை நாங்களே காஸ் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றினோம். மூன்று மாதம்கூட நிற்கவில்லை. புதியதையாவது நீங்கள் நன்றாகக் கடினமாக்கிக் கொடுங்கள்" என்றார்.

அரத்தை எடுத்துப் பழைய பல்லின் மேல் ஓட்டினேன். வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியது. அவர் தீயையும் தண்ணீரையும் குறைவில்லாமல்தான் கொடுத்திருந்தார். என்ன இரும்பு என்று கேட்டேன். "வார்ப்பிரும்புதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கடினமாக்கும் முறை இன்னொன்றை உடைத்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியை உலையிலிருந்து அல்லாமல், தரையில் கிடக்கும் அந்தத் துண்டிலிருந்து தொடங்குகிறேன். இதில் வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ்.

கையில் இருப்பது எந்த வார்ப்பிரும்பு?

இரண்டு சதவீதத்துக்கு மேல் கரி கலந்த இரும்பை வார்ப்பிரும்பு என்கிறோம். அந்தக் கரி எந்த உருவத்தில் உள்ளே உறைந்தது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது. தகடு தகடாகக் கிராஃபைட்டாகப் பிரிந்திருந்தால் அது சாம்பல் வார்ப்பிரும்பு. மக்னீசியம் சேர்த்து அந்தக் கிராஃபைட்டை உருண்டைகளாக்கினால், பட்டறைகளில் டக்டைல் என்று சொல்லும் உருண்டைக் கிராஃபைட் இரும்பு. இது 1948-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கரி பிரியவே இல்லாமல் இரும்போடு சேர்ந்து கார்பைடாக உறைந்தால் வெள்ளை வார்ப்பிரும்பு. அந்த வெள்ளை இரும்பிலேயே 12 முதல் 28 சதவீதம் வரை குரோமியம் சேர்த்தது ஹைகுரோம். மணலும் கல்லும் உரசும் இடங்களுக்கு அதுதான் ஏற்றது.

உடைந்த விளிம்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சாம்பல் இரும்பின் முறிவு மங்கலான சாம்பல் நிறம். விரலால் தேய்த்தால் கரி ஒட்டும். டக்டைல் இன்னும் கொஞ்சம் வெளுப்பு. வெள்ளை இரும்பு வெள்ளியைப் போல் மின்னும். அடுத்து, கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டுங்கள். டக்டைல் எஃகைப் போல நீண்டு ஒலிக்கும், சாம்பல் இரும்பு 'டொக்' என்று அடங்கிவிடும். துளைபோட்டால் சாம்பல் இரும்பு பொடியாக உதிரும், டக்டைல் சுருள் விடும், வெள்ளை இரும்பில் துளையூசி வழுக்கும்.

ஹைகுரோமுக்கு இன்னொரு எளிய சோதனை உண்டு. வார்த்தபடியே இருக்கும் ஹைகுரோமில் பல நேரங்களில் ஆஸ்டனைட் என்ற, காந்தம் பிடிக்காத அமைப்பு நிறைய இருக்கும். காந்தம் ஏனோதானோ என்று ஒட்டும். முறையாகச் சூட்டுப் பதம் கொடுத்த பிறகு அதே துண்டு காந்தத்தை இறுகப் பிடிக்கும். இந்தச் சிறு காந்தம் பின்னாலும் நமக்கு உதவும், நினைவில் வையுங்கள்.

இவையெல்லாம் காகிதம் இல்லாதபோது செய்யும் வேலை. புதிய வார்ப்பாக இருந்தால் வார்ப்பாலையிடம் கலவை ஆய்வுத்தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஈப்போ வட்டாரத்து வார்ப்பாலைகள் ஈயச் சுரங்கங்களுக்கு உதிரி பாகம் வார்த்துக் கைதேர்ந்தவை. 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கிய பிறகு பிற ஆலைகளை நம்பித் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கேட்டால் தருவார்கள். கரி, சிலிக்கன், மாங்கனீசு, குரோமியம், நிக்கல், மாலிப்டினம், செம்பு ஆகிய ஏழின் அளவும் அதில் இருக்க வேண்டும். கூடவே, அதே கொதிகலவையில் வார்த்த ஒரு சோதனைத் துண்டையும் கேளுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் நாள் முழுக்க உலை எரிப்பது வீண் துணிச்சல் என்பது என் உறுதியான எண்ணம்.

எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

"நன்றாகக் கடினமாக" என்பது அளவு அல்ல. அந்தப் பாகத்தை எது தின்கிறது என்று ஆலைக்காரரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். செம்பனைப் பழத்தோடு தோட்டத்து மணலும் சேர்ந்தே ஆலைக்குள் வருகிறது. உதிரிப் பழங்களைத் தரையிலிருந்து அள்ளும்போது மண் ஒட்டிக்கொள்ளும். அந்த மணல் தகட்டின் மேல் சறுக்கிக்கொண்டே போகும் இடத்தில், அடி விழாமல் உரசல் மட்டும் இருந்தால், ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 58 முதல் 63 வரை போகலாம். அது ஹைகுரோமின் வேலை. உரசலோடு அடியும் விழும் இடத்தில் அவ்வளவு கடினம் வைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அங்கே டக்டைலைப் பிரினெல் என்ற இன்னொரு கடின அளவுகோலில் 300 முதல் 400-க்குள் நிறுத்துவது நல்லது. பல்சக்கரத்தின் பல்லுக்கு மேற்பரப்பு மட்டும் ராக்வெல் சி 50 பக்கம் இருந்து, உள்ளே மென்மையாக இருக்க வேண்டும். ரப்பர் ஷீட் போடும் உருளைக்குக் கடினத்தைவிட வளையாமல் இருப்பதுதான் முக்கியம். அதற்குப் பெரும்பாலும் அகத்தகைவை, அதாவது வார்ப்புக்குள் ஒளிந்திருக்கும் இழுவையை, போக்கும் சூடு மட்டும் போதும்.

வேண்டிய கடின எண்ணைச் சுண்ணக்கட்டியால் அந்தப் பாகத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். வேலை முடியும்வரை அந்த எண்தான் முதலாளி.

சூடு உள்ளே என்ன செய்கிறது?

கிராஃபைட் கடினமாவதில்லை. அதைச் சூழ்ந்திருக்கும் உலோக உடல்தான் கடினமாகிறது. அந்த உடல் இரண்டு விதமாக இருக்கலாம். ஃபெரைட் என்பது கரி ஏறக்குறைய இல்லாத மென்மையான இரும்பு. பியர்லைட் என்பது மெல்லிய கார்பைடுத் தகடுகள் அடுக்கியது, கரி உள்ளேயே தயாராக இருக்கும். நாம் சூடேற்றும்போது உடல் ஆஸ்டனைட்டாக மாறிக் கரியைக் கரைத்துக்கொள்கிறது. வேகமாகக் குளிர்ந்தால் கரி வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொண்டு மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பு பிறக்கிறது.

பழைய சக்கரத்தின் பல் ஏன் மென்மையாகவே இருந்தது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. அதன் உடல் பெரும்பாலும் ஃபெரைட். காஸ் தீ ஒரு பல்லில் நிற்பது சில விநாடிகள். அந்த நேரத்துக்குள் கிராஃபைட் உருண்டையிலிருந்து கரி கரைந்து உடலுக்குள் பரவாது. உடலில் கரி இல்லையென்றால் தண்ணீர் ஊற்றினாலும் மார்ட்டென்சைட் எங்கிருந்து வரும்? தீயால் மேற்பரப்பைக் கடினமாக்க வேண்டுமானால் உடலில் சேர்ந்திருக்கும் கரி 0.5 முதல் 0.7 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதாவது பியர்லைட் உடல் வேண்டும். உலைக்குள் வைத்து மணிக்கணக்கில் ஊறவிட்டால் மட்டுமே ஃபெரைட் உடல் கிராஃபைட்டிலிருந்து கரியை இழுத்துக்கொள்ளும்.

உலையும் அளவும்

மின் உலை இருந்தால் நல்லது. எண்ணெய் அல்லது காஸ் உலையானால் தீ நேராகப் பாகத்தில் படாமல் தடுப்புச் செங்கல் வையுங்கள். கட்டாயம் வேண்டியது தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கருவி. கே வகை போதும். அதன் முனை உலைச் சுவரை ஒட்டி இல்லாமல் பாகத்தை ஒட்டி இருக்க வேண்டும். சுவர் 850 காட்டும்போது தடித்த வார்ப்பின் நடு இன்னும் 700-இல் நிற்கலாம்.

நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்லும் பெரியவர்களை நான் மதிக்கிறேன். அரிவாளுக்குத் துவைச்சல் கொடுக்க அந்தக் கண் போதும். தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் வெளிச்சத்தில் தெரியும் சிவப்பு வேறு, மழை இருட்டில் தெரியும் சிவப்பு வேறு. வார்ப்பிரும்பில் 40 டிகிரி தவறினாலே வேலை கெடும். எஃகுக்காரர்கள் நம்பும் காந்தச் சோதனையும் இங்கே ஏமாற்றும். இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். சிலிக்கன் நிறைந்த வார்ப்பிரும்பில் ஆஸ்டனைட் பிறப்பதே அதற்கும் மேலேதான். காந்தம் விழுந்துவிட்டது என்று எடுத்துத் தோய்த்தால் அரைகுறைக் கடினம்தான் கிடைக்கும்.

மேற்பரப்பில் இருக்கும் கரி நீண்ட சூட்டில் எரிந்து போகும். அதைத் தடுக்க, பாகத்தை இரும்புப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் காய்ந்த வார்ப்பிரும்புச் சீவலை நிரப்பி மூடுங்கள். வழியில்லாவிட்டால் கடைசியில் சாணை பிடித்து எடுக்க அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கூடுதலாக விட்டுவையுங்கள்.

முதல் சூடு: அகத்தகைவைப் போக்குதல்

அச்சில் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் குளிர்வதால் ஒவ்வொரு வார்ப்புக்குள்ளும் ஓர் இழுவை ஒளிந்திருக்கும். அதைப் போக்காமல் கடைந்தால் பாகம் கோணும். போக்காமல் தோய்த்தால் பிளக்கும். சாதாரணச் சாம்பல் இரும்பை 540 முதல் 565 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, தடிமனில் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் ஒரு மணி நேரம் வைத்து, உலையை மூடியபடியே 300-க்குக் கீழ் இறங்கவிடுங்கள். குரோமியம், மாலிப்டினம் கொஞ்சம் கலந்ததானால் 600 பக்கம் தேவைப்படும். 600-க்கு மேல் அதிக நேரம் வைத்தால் பியர்லைட் சிதையத் தொடங்கிக் கடினம் இறங்கும். ஆதலால் எட்டிப் பிடிக்க நினைக்காதீர்கள். பணம் மிச்சப்படுத்த ஆலைக்காரர் முதலில் வெட்டச் சொல்லும் படியும் இதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மென்மையாக்க வேண்டி வந்தால்

மெல்லிய ஓரங்கள் அச்சில் சட்டென்று உறைந்து வெள்ளையாகி, கடைசல் கருவியை உடைக்கும். அப்படிப்பட்ட சாம்பல் இரும்பை 900 முதல் 950 வரை ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கார்பைடு உடைந்து கிராஃபைட் ஆகிவிடும். கார்பைடு இல்லாமல் பியர்லைட் மட்டும் மிகுந்திருந்தால் 700 முதல் 760 போதும். பிறகு உலைக்குள்ளேயே, மணிக்கு 50 டிகிரிக்கு மிகாமல், 300 வரை இறக்குங்கள்.

எதிர்த்திசையும் உண்டு. ஃபெரைட் உடலைப் பியர்லைட்டாக்க 885 முதல் 925-இல் ஊறவைத்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுவது. இதைத்தான் நார்மலைஸ் செய்வது என்கிறோம். ஃபிட்டரின் சக்கரத்துக்கு இதுதான் திறவுகோல் ஆனது.

சாம்பல் இரும்பைத் தோய்த்துக் கடினமாக்குதல்

எத்தனை டிகிரி வரை ஏற்ற வேண்டும் என்பதற்கு ஆய்வுத்தாளிலிருந்தே கணக்குப் போடலாம். 730-உடன் சிலிக்கன் சதவீதத்தை 28-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். மாங்கனீசு சதவீதத்தை 25-ஆல் பெருக்கிக் கழியுங்கள். அதுதான் மாற்றம் தொடங்கும் வெப்பநிலை. சிலிக்கன் 2.2, மாங்கனீசு 0.6 என்றால் 730 கூட்டல் 61.6 கழித்தல் 15, அதாவது ஏறத்தாழ 777. அதற்கு மேல் 50, 60 டிகிரி வைத்து 830 பக்கம் நிறுத்துங்கள். இன்னும் ஏற்றினால் இன்னும் கடினம் வரும் என்ற எண்ணம் தவறு. அதிகச் சூட்டில் ஆஸ்டனைட் அளவுக்கு மீறிக் கரியைக் கரைத்துக்கொள்ளும். தோய்த்த பின்னும் ஒரு பகுதி மாறாமல் மென்மையாகவே நின்றுவிடும், கோணலும் பிளவும் கூடும்.

ஏற்றும்போது 600 வரை மெதுவாகப் போங்கள். சாம்பல் இரும்பு இழுவையைத் தாங்காது, தடித்த குடமும் மெல்லிய ஆரமும் சேர்ந்த சக்கரங்கள் ஏறும்போதே பிளப்பதுண்டு. அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகு வேகம் கூட்டலாம். குறித்த சூட்டை அடைந்ததும் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம்.

தோய்ப்பது எண்ணெயில். தண்ணீரில் அல்ல. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். தொழில் தொடங்கிய காலத்தில், எண்ணெய்த் தொட்டி நிரப்பக் கையில் பணம் இல்லாமல், ஒரு சாம்பல் இரும்புப் பல்சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினேன். 'டிங்' என்று ஒரு மெல்லிய ஒலி கேட்டது. வெளியே எடுத்தபோது குடத்திலிருந்து ஆரம்வரை நூல் இழையாக ஒரு பிளவு ஓடியிருந்தது. மூன்று நாள் கடைசல் வேலை அதில் போனது. அந்த ஒலி இன்றும் காதில் இருக்கிறது.

ஒரு கிலோ இரும்புக்கு எட்டு முதல் பத்து லிட்டர் எண்ணெய் என்பது நல்ல அளவு. எண்ணெய் 40 முதல் 70 டிகிரி வெதுவெதுப்பில் இருந்தால் சீராக உறிஞ்சும். பாகத்தை உள்ளே மேலும் கீழுமாக அசையுங்கள், இல்லாவிட்டால் ஆவிக்குமிழ் ஒட்டிய இடம் மென்மையாக நின்றுவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய இயந்திர எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள். அது சுலபமாகத் தீப்பிடிக்கும், புகையும் நஞ்சு. எண்ணெய்த் தொட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நம் ஊர் மழைக்குக் கூரை எங்கேயாவது ஒழுகாமல் இருக்காது. அடியில் தேங்கிய தண்ணீர் சூட்டில் கொதித்து எழும்பினால் எரியும் எண்ணெயை முகத்தில் வீசும். தொட்டிக்கு இரும்பு மூடி, பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான், தோல் கையுறை, முகக் கவசம் ஆகிய நான்கும் இல்லாமல் உலைக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

பாகத்தை முழுக்கக் குளிரவிட வேண்டியதில்லை. 150 டிகிரிக்கு இறங்கியதும் நேராகப் பதம் இறக்கும் உலைக்குக் கொண்டு போங்கள். இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றால் காலையில் இரண்டு துண்டாக இருக்கும்.

பதம் இறக்குதல்

தோய்த்த சாம்பல் இரும்பு ராக்வெல் சி 45 முதல் 55 வரை காட்டும். அந்த நிலையில் அது கண்ணாடி. வார்த்தபோது இருந்த வலிமைகூட அப்போது இருக்காது. பட்டறையில் டெம்பர் என்று சொல்லும் இரண்டாம் சூடுதான் வலிமையைத் திருப்பித் தருகிறது. 300 பக்கம் வைத்தால் ஏறத்தாழ 45, 425 பக்கம் 40, 540 பக்கம் 33 என்று கடினம் இறங்கிக்கொண்டே வரும். 370-க்கு மேல் போனால்தான் வலிமை நன்றாக மீள்கிறது. அதனால் அடி வாங்கும் பாகத்துக்கு 370 முதல் 425, உரசல் மட்டும் உள்ளதற்கு 200 முதல் 250 என்பது என் வழக்கம். இங்கேயும் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம், குறைந்தது இரண்டு மணி நேரம். சோதனைத் துண்டை முதலில் செய்து பார்த்து, சுண்ணக்கட்டியில் எழுதிய எண் வந்த பிறகே வேலையை உள்ளே வையுங்கள்.

டக்டைலுக்கு இரண்டு வழிகள்

முதல் வழி மேலே சொன்னதேதான். 845 முதல் 925 வரை ஏற்றி, எண்ணெயில் தோய்த்து, 425 முதல் 600-க்குள் பதம் இறக்குவது.

இரண்டாவது வழி, ஆஸ்டெம்பரிங், எனக்கு மிகவும் பிடித்தது. 815 முதல் 925-இல் ஊறிய டக்டைலை எண்ணெயில் விடாமல், 230 முதல் 400 டிகிரியில் உருகி நிற்கும் நைட்ரேட் உப்புக் குளியலில் இறக்கி, அதே சூட்டில் ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை வைத்திருப்பது. மார்ட்டென்சைட் பிறக்காமல், ஊசி ஊசியான ஃபெரைட்டும் கரி நிறைந்த ஆஸ்டனைட்டும் பின்னிய அமைப்பு கிடைக்கிறது. உப்பின் சூடுதான் கடினத்தைத் தீர்மானிக்கும் கைப்பிடி. 370 பக்கம் வைத்தால் பிரினெல் 270 முதல் 340, நீளும் தன்மை நிறைய. 260 பக்கம் இறக்கினால் 400-க்கு மேல், உரசலுக்கு அருமை. வேலை செய்யும்போது மேற்பரப்பில் அழுத்தம் படப்பட அந்த ஆஸ்டனைட் மாறி இன்னும் கடினமாகும். தேயத் தேயத் தோல் இறுகும் பாகம் என்று ஆலைக்காரர்களுக்குச் சொல்வேன். அதே காரணத்தால், கடைசல் வேலையை எல்லாம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். சூட்டில் பாகம் சற்று வளரும் என்பதற்கும் இடம் விடுங்கள்.

தடிமன் கூடினால் சாதாரண டக்டைல் உப்புக்குள் போகும் வழியிலேயே நடுவில் பியர்லைட் ஆகிவிடும். அதற்குச் செம்பு, நிக்கல், தேவையானால் 0.3 சதவீதத்துக்கு மிகாமல் மாலிப்டினம் என்று வார்ப்பாலையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிந்த பாகத்தில் வெல்டிங் வைத்தால் எல்லாம் பாழ்.

உப்புக் குளியலை வீட்டுக் கொல்லைப் பட்டறையில் வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரமான ஒரு பாகம் இறங்கினால் உப்பு வெடித்துத் தெறிக்கும். எண்ணெய், கரித்தூள், மரத்தூள் எது விழுந்தாலும் நைட்ரேட் அதைக் கொளுத்தும். உப்பே 590-க்கு மேல் சூடானால் ஆபத்து. அந்த வேலையை நாங்கள் பெரிய நகரத்துச் சூட்டுப் பத ஆலைகளுக்கு லோரியில் அனுப்பிவிடுகிறோம். கூடவே வேண்டிய பிரினெல் எண்ணையும், கலவைத்தாளையும், தடிமனையும் எழுதி அனுப்புகிறோம். "கடினமாக்கவும்" என்று மட்டும் எழுதினால் அவர்களும் ஊகிக்கத்தான் முடியும்.

ஹைகுரோம்: பொறுமைக்குக் கூலி

செம்பனை ஆலையின் தேய்மானத் தகடுகளுக்கும் சரளை உடைக்கும் குவாரிப் பாகங்களுக்கும் வருவது இதுதான். வார்த்த நிலையிலேயே இது கடினம்தான். துளைபோட வேண்டுமானால் முதலில் 690 முதல் 705-இல் நான்கு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள். பிரினெல் 400 முதல் 450-க்கு இறங்கிவிடும், கார்பைடு முனைக் கருவி சமாளிக்கும்.

கடினமாக்கும்போது எல்லாமே மெதுவாக. கோணல்மாணலான வடிவமானால் 650 வரை மணிக்கு 30 டிகிரி. ஆம், ஒரு முழு நாள் போய்விடும். அதன்பின் வேகம் கூட்டலாம். குரோமியம் 12 முதல் 23 சதவீதமானால் 950 முதல் 1000 வரை. அதற்கு மேற்பட்டதானால் 1010 முதல் 1090. குறைந்தது நான்கு மணி நேரம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்டனைட்டுக்குள் கரைந்திருந்த கரியும் குரோமியமும் நுண்ணிய கார்பைடு மணிகளாக வெளியே வருகின்றன. கரி குறைந்த ஆஸ்டனைட் குளிரும்போது மார்ட்டென்சைட்டாகிறது. நேரத்தைச் சுருக்கினாலோ சூட்டைக் கூட்டினாலோ கரி உள்ளேயே நின்று, குளிர்ந்த பின்னும் ஆஸ்டனைட்டாகவே இருந்துவிடும். முன்பு சொன்ன சிறு காந்தத்தை இப்போது வைத்துப் பாருங்கள். தளர்வாக ஒட்டினால் இதுதான் நடந்திருக்கிறது.

இதற்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீர் கூடவே கூடாது. வெளியே எடுத்துப் பெரிய விசிறிகளை நான்கு பக்கமும் வைத்துக் காற்றடியுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பிச் சட்டத்தில் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். 550-க்குக் கீழ் இறங்கும்வரை இந்த வேகம் வேண்டும், பியர்லைட் பிறக்கும் பகுதியைத் தாண்ட அது அவசியம். தாண்டியதும் விசிறியை நிறுத்திவிட்டுத் தானாக ஆறவிடுங்கள். அதற்குப் பிறகும் காற்றடிப்பது பிளவைத்தான் கூட்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் 200 முதல் 230-இல் இரண்டு முதல் நான்கு மணி நேரம் பதம் இறக்குங்கள். ராக்வெல் சி 60-ஐ ஒட்டி வரும்.

நிக்கல் நான்கு, குரோமியம் இரண்டு சதவீதம் கலந்த நி-ஹார்ட் வகை வெள்ளை இரும்பு அச்சிலிருந்து வரும்போதே மார்ட்டென்சைட்டாக இருக்கும். அதற்கு 205 முதல் 260-இல் குறைந்தது நான்கு மணி நேரச் சூடு மட்டுமே வேண்டும்.

அளந்து பார்த்தல்

மேல்தோலைச் சாணை பிடித்து நீக்காமல் அளந்தால் கரி எரிந்த மென்மையான தோலைத்தான் அளப்பீர்கள். தோய்க்காத வார்ப்புகளுக்குப் பத்து மில்லிமீட்டர் குண்டு, 3000 கிலோ அழுத்தம் கொண்ட பிரினெல் சோதனையே ஏற்றது. பெரிய குழி கிராஃபைட்டையும் உடலையும் சேர்த்துச் சராசரி காட்டும். ராக்வெல் முனை சிறியது. கிராஃபைட் தகட்டின் மேல் விழுந்தால் குறைத்துக் காட்டும். சாம்பல் இரும்பில் 50 என்று காட்டினால் உடல் உண்மையில் 60-ஐ ஒட்டி இருக்கலாம். அதனால் ஐந்து இடங்களில் எடுங்கள், தனித்து நிற்கும் எண்ணை நம்பாதீர்கள். கையடக்கக் கருவி மெல்லிய தகட்டில் துள்ளித் தவறு சொல்லும். கனமான இரும்புக் கட்டையின் மேல் இறுக்கிப் பிடித்து அளக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லையா? புதிய நல்ல அரம். வழுக்கினால் 60-க்கு மேல், சிரமப்பட்டுப் பிடித்தால் 50 பக்கம், சுலபமாக அறுத்தால் 40-க்குக் கீழ். அளவு சொல்லாது, பொய்யும் சொல்லாது.

எண் குறைந்து வந்தால் காரணத்தைத் தேடும் வரிசை இது: முதலில் மேல்தோல், பிறகு தோய்க்க எடுத்துச் சென்ற நேரம், பிறகு தெர்மோகப்பிள், கடைசியில் கலவை. பெரும்பாலும் முதல் இரண்டுக்குள் பிடிபட்டுவிடும். உலையிலிருந்து தொட்டிக்குப் பத்து அடி தூரம் இருந்தாலே மெல்லிய பற்கள் வழியில் ஆறிவிடும். எங்கள் தொட்டிக்குச் சக்கரம் பொருத்தி உலை வாசலுக்கே இழுத்து வந்த பிறகு பாதிக் குறைகள் நின்றன.

அந்தப் பல்சக்கரம்

புதிய சக்கரம் தட்டினால் மணிபோல ஒலித்தது, சுருள் விட்டது. டக்டைல். வார்ப்பாலைத் தாளில் சிலிக்கன் 2.6, மாங்கனீசு 0.2, செம்பு 0.5. சோதனைத் துண்டு பிரினெல் 165 காட்டியது, பழையதைப் போலவே ஃபெரைட் உடல். 900-இல் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெளியே எடுத்து விசிறிக் காற்றில் நார்மலைஸ் செய்தோம். மறுநாள் அளந்தபோது 260. பியர்லைட் வந்துவிட்டது. 550-இல் அகத்தகைவைப் போக்கி உலையிலேயே ஆறவிட்டுத் துளையையும் சாவிக்காடியையும் கடைந்து முடித்தோம். பிறகுதான் காஸ் தீ. ஒவ்வொரு பல்லாக 870 பக்கம் ஏற்றி, பாலிமர் கலந்த நீரைத் தெளித்து, ஒன்றை விட்டு ஒன்றாகச் சுற்றி வந்தோம், சூடு ஒரே பக்கம் சேராமல் இருக்க. முடிந்த கையோடு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம்.

பல்லின் முகத்தில் ஐந்து அளவுகள்: 51, 52, 50, 52, 51. சுண்ணக்கட்டியில் எழுதியிருந்தது 50. ஃபிட்டர் தம்பி தானே அரத்தை வாங்கி ஓட்டிப் பார்த்தார். சக்கரத்தை லோரியில் ஏற்றும்முன் அந்தக் கலவைத்தாளின் நகல் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த சக்கரத்துக்கு வார்ப்பாலையிடம் செம்பை எவ்வளவு கூட்டச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். வார்த்தபடியே பியர்லைட்டாக வர 0.8 வரை போகலாம் என்று தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.